அழகாக வராவிட்டாலும் எழுதுவோம்

 

கல்வி உதவி, மருத்துவ உதவி, திருமண உதவி என்று நம் டிரஸ்டின் பணிகளைப் பற்றியே இந்தப் பக்கங்களில் பெரும்பாலும் எழுதி வருகிறோம். இந்த மாதப் பாடம் சற்று வேறானது. கையால் ஒன்றை அழகாகச் செய்ய முயல்வது, அதில் திறமை இல்லாத மனிதருக்கு என்ன தருகிறது? இதைத்தான் குடும்பத்தோடு அமர்ந்து யோசித்துப் பார்க்கப் போகிறோம்.

உதாரணமாக எடுத்துக்கொண்டது அரபி எழுத்தணிக் கலை. நம் வீடுகளில் கூடத்துச் சுவரிலோ வாசல் நிலைக்கு மேலேயோ அது கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. தினமும் பார்க்கிறோம். ஆனால் ஒரு முறையாவது பேனா பிடித்து அந்த எழுத்தை எழுதிப் பார்த்தவர்கள் நம்மில் மிகச் சிலர். கேட்டால், "நமக்கெல்லாம் அது வராது" என்பதுதான் பதில். இந்தப் பதிலைப் பற்றித்தான் பேச வேண்டும். அதற்கு முன் எங்கள் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நாங்கள் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன் மக்தப் பிள்ளைகளுக்காக அரபி எழுத்தணிப் போட்டி ஒன்று நடத்தினோம். நல்ல எண்ணத்தில்தான் நடத்தினோம். ஒரு மாதம் முன்பே அறிவித்து, பேனாவும் தாளும் கொடுத்து, வீட்டில் எழுதிப் பழகச் சொன்னோம். போட்டியன்று மண்டபம் நிறையப் பிள்ளைகள். முதல் மூன்று பேருக்குப் பரிசு, மற்றவர்களுக்குச் சான்றிதழ். புகைப்படம் எடுத்தோம், இதழிலும் போட்டோம்.

அடுத்த ஆண்டு அதே போட்டியை அறிவித்தபோது வந்த பிள்ளைகளை உட்கார வைக்க ஒரே ஒரு பாய் போதுமானதாக இருந்தது. பரீட்சை நேரம் என்பதால் வரவில்லை போலும் என்று எங்களுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

பின்னொரு நாள் கல்வி உதவிக்கு விண்ணப்பம் கொடுக்க வந்த ஒரு தாய் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "எம்மக அந்த ஒரு மாசமும் ராத்திரி ராத்திரி உக்காந்து எழுதிட்டிருந்தா. கூப்பிட்டாக்கூட காதுல விழாது. பரிசு இல்லேன்னதும் பேனாவையெல்லாம் சுருட்டிப் பரண்ல போட்டுட்டா. 'எனக்கு வராதும்மா'ன்னு ஒரே வார்த்தை. அப்புறம் தொடவே இல்ல."

அந்தத் தாய் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் எங்களுக்கு அது உறைத்தது. மூன்று பிள்ளைகளுக்குப் பரிசு கொடுத்த அதே மேடையில், மீதிப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் 'இது உனக்கானதல்ல' என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம். அந்தப் பெண் ஒரு மாதம் இரவுகளில் அடைந்த மகிழ்ச்சி உண்மையானது. அதற்கு யாருடைய மதிப்பெண்ணும் தேவைப்பட்டிருக்கவில்லை. நாங்கள் வலியப் போய் மதிப்பெண் போட்டு அதை நிறுத்திவிட்டோம்.

போட்டியே கூடாது என்று சொல்ல வரவில்லை. எழுதியவள் அடைந்த பலனும், எழுதியது வாங்கிய மதிப்பெண்ணும் வேறு வேறு என்பதைப் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லத் தவறினோம். இந்தப் பாடத்தின் மையம் அதுதான்.

புள்ளியால் அளக்கும் எழுத்து

அரபியில் இந்தக் கலைக்கு 'கத்' என்று பெயர். கோடு, எழுத்து என்பது பொருள். கேரளத்தில் இன்றும் கடிதத்தைக் 'கத்து' என்கிறார்களே, அந்தச் சொல்தான்.

இதன் கருவி மிக எளியது. நாணல் தண்டைச் சீவி, முனையைச் சாய்வாக வெட்டினால் பேனா தயார். விளக்குப் புகைக் கரியையும் கருவேலம் பிசினையும் நீரில் குழைத்தால் மை தயார். இஸ்தான்புல் நகரில் 1557-இல் கட்டி முடிக்கப்பட்ட சுலைமானிய்யா பள்ளிவாசலில், எண்ணெய் விளக்குகளின் புகை ஒரு தனி அறையில் போய்ப் படியும்படி காற்றோட்டம் அமைத்து, அந்தக் கரியை மை செய்ய எடுத்திருக்கிறார்கள்.

சாய்வாக வெட்டிய பேனாவைத் தாளில் வைத்து ஒரு சிறு இழுப்பு இழுத்தால் சாய்சதுரமான ஒரு புள்ளி விழும். அந்தப் புள்ளிதான் அளவுகோல். எல்லா எழுத்தின் உயரமும் அகலமும் அந்தப் புள்ளியால் அளக்கப்படுகின்றன. ஸுலுஸ் என்ற எழுத்து வகையில் அலிஃபின் உயரம் ஏழு புள்ளி என்பது பரவலான கணக்கு. பேனா பருமனாக இருந்தால் புள்ளி பெரிதாகும், எழுத்தும் அதே விகிதத்தில் பெரிதாகும். ஆக, ஒவ்வொருவரும் தம் கையிலுள்ள பேனாவைக் கொண்டே தம் எழுத்தை அளந்துகொள்ளலாம். பக்கத்தில் இருப்பவரின் தாளைப் பார்த்து அளக்க வேண்டியதில்லை.

இந்த அளவு முறையை ஒழுங்குபடுத்தியவர் என்று போற்றப்படுபவர் பாக்தாதின் இப்னு முக்லா (886–940). மூன்று அப்பாஸிய கலீஃபாக்களிடம் வஸீராக இருந்தவர். அரசியல் சூழ்ச்சியில் சிக்கிச் சிறைப்பட்டு, வலது கை வெட்டப்பட்டது. அதன் பின்னும் முன்கையில் பேனாவைக் கட்டிக்கொண்டு அவர் எழுதினார் என்று வரலாற்றில் குறிப்பிடப்படுகிறது. நாட்டிலேயே மிகச் சிறந்த கை அவருடையதாக இருந்தது. அது போன பிறகு எழுதிய எழுத்து பழைய எழுத்துக்குப் பக்கத்தில் நின்றிருக்க முடியாது. இருந்தும் எழுதினார். பதவியும் பாராட்டும் கையும் போன பின்னும் எழுதச் செய்த ஏதோ ஒன்று அந்தச் செயலுக்குள் இருந்திருக்கிறது.

உஸ்மானிய மரபில் மாணவர் முதலில் எழுதிப் பழகுவது, இந்தக் காரியத்தை இலேசாக்கித் தரும்படி இறைவனிடம் கேட்கும் ஒரு சிறிய துஆவைத்தான். பிறகு தனி எழுத்துகள், அதன் பின் இரண்டிரண்டாகச் சேர்ந்த எழுத்துகள். ஆசிரியர் ஒவ்வோர் எழுத்துக்கும் கீழே திருத்தி எழுதிக் கொடுப்பார். இந்தப் பயிற்சிக்கு 'மஷ்க்' என்று பெயர். தாள் விலை அதிகம் என்பதால் எழுதிய எழுத்தின் மேலேயே மீண்டும் எழுதி, தலைகீழாகத் திருப்பி எழுதி, தாள் முழுவதும் கறுத்துப் போகும்வரை எழுதுவார்கள். அப்படிக் கறுத்த பயிற்சித் தாள்கள் பல இன்று அருங்காட்சியகங்களில் பாதுகாக்கப்படுகின்றன. பெரிய ஆசான்களும் கடைசிவரை பயிற்சித் தாள் எழுதியவர்கள்தாம்.

2021-ஆம் ஆண்டு, 16 நாடுகள் சேர்ந்து முன்வைத்த அரபி எழுத்தணிக் கலையை யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

எழுதுபவருக்கு என்ன கிடைக்கிறது?

போட்டியில் தவறு செய்த பிறகு, இப்போது ஞாயிறுதோறும் அஸர் தொழுகைக்குப் பின் மஃரிப் வரை டிரஸ்டின் மாடியில் எழுதும் வகுப்பு நடக்கிறது. மதிப்பெண் இல்லை, பரிசு இல்லை, சுவரில் ஒட்டுவதும் இல்லை. பெண்களுக்குத் தனி அறை. வருபவர்களிடம் பார்த்தும் கேட்டும் நாங்கள் அறிந்த பலன்கள் நான்கு.

முதலாவது, கண் திறப்பது. பத்து நாள் 'ப'வும் 'நூனும்' எழுதிப் பார்த்தவர், பள்ளிவாசல் மிஹ்ராபுக்கு மேலே உள்ள எழுத்தை முன்பு போலப் பார்ப்பதில்லை. எங்கே பேனா திரும்பியது, எங்கே மெலிந்தது, எந்த இடத்தில் எழுதியவர் மூச்சைப் பிடித்திருப்பார் என்று தெரிய ஆரம்பிக்கிறது. ஒரு சகோதரி சொன்னார்: "இருபது வருஷமா எங்க கூடத்துல தொங்குது. போன வாரந்தான் அதைப் பார்த்தேன்." அவருடைய சொந்த எழுத்து இன்னும் கோணல்தான். ஆனால் அந்தக் கண் அவருக்குக் கிடைத்துவிட்டது. அதை யாரும் திருப்பி வாங்க முடியாது.

இரண்டாவது, மனம் ஓரிடத்தில் நிற்பது. நீண்ட கோட்டை இழுக்கும்போது தானாகவே மூச்சு அடங்குகிறது. அந்த நேரத்தில் கடன்காரர் நினைவோ, வாட்ஸ்அப்பில் வந்த வம்போ உள்ளே நுழைய இடமில்லை. கோடு முடிந்ததும் கவலை திரும்ப வரலாம். ஆனால் நடுவில் கொஞ்சம் இடைவெளி கிடைத்தது. வீட்டில் படுத்த படுக்கையாய் மாமியாரைக் கவனித்துக்கொள்ளும் ஒரு பெண்ணுக்கு, கடை நஷ்டத்தில் தூக்கம் கெட்ட ஒரு மனிதருக்கு அந்த இடைவெளி சிறிய விஷயமல்ல.

மூன்றாவது, தவறோடு சமாதானம் ஆவது. பேனாவில் எழுதியதை அழிக்க முடியாது. கோணல் விழுந்தால் விழுந்ததுதான், அடுத்த எழுத்துக்குப் போக வேண்டும். நம் வீடுகளில் தவறு செய்தால் திட்டு விழும், பள்ளிக்கூடத்தில் சிவப்புக் கோடு விழும், வேலையில் சம்பளம் பிடிப்பார்கள். தவறு செய்தும் ஒன்றும் ஆகாத ஓர் இடம் பெரியவர்களுக்கும் தேவைப்படுகிறது.

நான்காவது, துணை. எதிரெதிரே உட்கார்ந்து பேசுவது பலருக்குக் கூச்சம். பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு தாளில் குனிந்திருக்கும்போது பேச்சு தானே வருகிறது, வராவிட்டாலும் பரவாயில்லை.

இங்கே ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுபதைத் தாண்டியவர், பல ஆண்டுகள் லாரி ஓட்டியவர். கை நடுக்கம் உண்டு. மனைவி மவுத்தாகி ஒரு வருடத்துக்குள் எங்கள் வகுப்புக்கு வந்தார். ஏன் வருகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்: "அஸர் தொழுதுட்டு வீட்டுக்குப் போனா டீ போட்டுத் தர ஆளில்ல. அந்த ஒரு நேரந்தான் முடியல. இங்க உக்காந்தா பாங்கு சொல்றது வரைக்கும் தெரியல."

அவர் மூன்று மாதம் அலிஃப் மட்டும் எழுதினார். பிறகு தம் மனைவியின் பெயரை அரபியில் எப்படி எழுதுவது என்று கேட்டார். எழுதிக் காட்டினோம். அதைப் பார்த்துப் பார்த்துப் பல வாரங்கள் எழுதினார். ஒரு நாள் ஒரு தாளை மட்டும் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எங்களுக்குக் காட்டவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவருடைய அலிஃப் இன்றும் நடுங்குகிறது. ஞாயிறு தவறாமல் வருகிறார்.

ஆய்வு சொல்வது

இதெல்லாம் எங்கள் ஊர் அனுபவம் மட்டுமல்ல. அமெரிக்காவின் பிலடெல்பியாவிலுள்ள டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் செய்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. 39 பேரை 45 நிமிடம் உட்கார வைத்துத் தாள், வண்ணப் பேனா, களிமண் ஆகியவற்றைக் கொடுத்து, விரும்பியதைச் செய்யச் சொன்னார்கள். முன்னும் பின்னும் உமிழ்நீர் எடுத்து, மன அழுத்தத்தின்போது உடலில் கூடும் கார்ட்டிசால் என்ற சுரப்பின் அளவைப் பார்த்தார்கள். சுமார் 75 சதவீதம் பேருக்கு அது குறைந்திருந்தது. முன்பே கலைப் பழக்கம் உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடு முடிவில் தெரியவில்லை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. ஆய்வு சிறியது, எல்லோருக்கும் குறைந்துவிடவும் இல்லை. அதையும் சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும்.

2019-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு வெளியிட்ட அறிக்கை, 3000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, நோய்த் தடுப்பிலும் நலம் பேணுவதிலும் கலைகளுக்குப் பங்கு உண்டு என்று கூறியது. இதை வைத்து, மருந்துக்குப் பதில் பேனா போதும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பல வாரங்களாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்வே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் மருத்துவரிடம்தான் போக வேண்டும். அப்படிப் போக உதவி தேவைப்பட்டால் டிரஸ்டை அணுகலாம். விஷயம் வெளியே போகாது.

முறையான பயிற்சி இல்லாமல் தொடங்கியவர்களில் உலகறிந்த ஒருவர் கவி தாகூர். தம் கையெழுத்துப் பிரதிகளில் அடித்த சொற்களின் மேல் கோடு இழுத்து இழுத்து வடிவங்கள் ஆக்குவது அவர் பழக்கம். அறுபது வயதுக்கு மேல் அந்தப் பழக்கமே ஓவியமாக வளர்ந்தது. 1930-இல் பாரிஸில் கண்காட்சி வைத்தார். மொத்தம் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்கள் வரைந்தார். தொடங்கியது அடித்தல் திருத்தலில்.

கைவேலையும் நம் மரபும்

ஸஹாபாக்கள் காலத்தில் கைவேலைக்கு இருந்த மதிப்பு நமக்குத் தெரிந்ததே. ஒரு பெண்மணி தம் கையாலேயே நெய்த கரை வைத்த போர்வையை நபி (ஸல்) அவர்களிடம் கொண்டு வந்து கொடுத்ததும், அவர்கள் அதை ஏற்று அணிந்ததும் புகாரியில் உள்ள செய்தி. நெசவு எவ்வளவு நேர்த்தி என்று அந்த அறிவிப்பு பேசவில்லை. கையால் நெய்தது என்பதைத்தான் குறிப்பிடுகிறது. அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் கைவேலை செய்து, அதில் வந்ததைத் தர்மம் செய்தவர்கள். ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்ததை அபூதாவூதில் காண்கிறோம்.

குர்ஆனைச் சரளமாக ஓதுபவருக்கு உயர்ந்த தகுதி இருப்பதையும், திக்கித் திணறி ஓதுபவருக்கு இரு கூலி இருப்பதையும் சொல்லும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அது குர்ஆன் ஓதுவதற்குரிய சிறப்பு. அதை எடுத்து எழுத்தணிக்கோ வேறு கலைக்கோ பொருத்தி, இதற்கும் இரு கூலி என்று நாம் சொல்லிவிட முடியாது. ஆனால் திணறுபவரைத் திணறுகிறார் என்பதற்காக ஒதுக்கிவைக்கும் பழக்கம் நம் மரபில் இல்லை என்பதை அதிலிருந்து கற்றுக்கொள்ளலாம். எங்கள் போட்டி மேடையில் அந்தப் பாடத்தைத்தான் நாங்கள் மறந்தோம்.

நம் தமிழ் முஸ்லிம் வீடுகளுக்கு இதில் இன்னொரு சொந்தமும் உண்டு. அரபி எழுத்துகளோடு தமிழ் ஒலிகளுக்காகக் கூடுதல் புள்ளிகள் இட்ட எழுத்துகளைச் சேர்த்து, தமிழையே எழுதிய அரபுத் தமிழ் நம்முடையது. மார்க்க நூல்கள் பல அதில் அச்சாயின. பள்ளிக்கூடம் போகாத நம் பாட்டிமார் பலர் கப்பலில் போன கணவருக்குக் கடிதமும், வீட்டுக் கணக்கும் அதில்தான் எழுதினார்கள். அவர்களில் யாரும் தம்மைக் கலைஞர் என்று சொல்லிக்கொண்டதில்லை. உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் அப்படி ஒரு தாள் இருந்தால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். பிள்ளைகளை உட்கார வைத்து, அந்தக் கையெழுத்தைக் காட்டுங்கள்.

கேட்கப்பட்ட கேள்விகள்

"ஆஸ்பத்திரி பில்லுக்கு ஜனங்க வரிசையில நிக்கிறாங்க. நாம இங்க மை வாங்கிட்டிருக்கறதா?" எங்கள் நிர்வாகக் கூட்டத்திலேயே எழுந்த கேள்வி இது. நியாயமான கேள்வி. ஸகாத் நிதியிலிருந்து ஒரு பைசாவும் இதற்குப் போகவில்லை. மருத்துவ நிதியையும் தொடவில்லை. மையும் பேனாவும் உறுப்பினர்கள் சிலரின் கைப்பணம். தாளுக்குச் செலவே இல்லை, பழைய காலண்டர்களின் பின்பக்கம்தான். கேள்வி கேட்டவர் இப்போது தம் கடைக் காலண்டர்களை எங்களுக்கென்று எடுத்து வைக்கிறார்.

"இதில் வருமானம் உண்டா?" சிலருக்கு வரலாம். திருமண அழைப்பிதழ், கடைப் பலகை எழுதுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வருமானத்தைச் சொல்லி யாரையும் இந்த வகுப்புக்கு அழைக்க மாட்டோம். எல்லாவற்றையும் விலைக்குப் பார்த்தால் விலை போகாததை எல்லாம் விட்டுவிடுவோம்.

"உருவப்படம் வரையலாமா?" இந்தப் பாடத்தில் எழுத்தைத்தான் எடுத்துக்கொண்டோம். உருவப்படம் பற்றிய மார்க்கச் சட்டத்தை உங்கள் ஜமாஅத் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எழுத்து, இலை, கொடி, கோலவடிவம், தையல், பின்னல், பாய் முடைதல் என்று கைக்கு வேலை நிறைய இருக்கிறது.

"எனக்கு எழுத்து பிடிக்கவில்லை." அப்படியும் ஒரு சகோதரி இரண்டு வாரத்தில் சொல்லிவிட்டுப் போனார். இப்போது வீட்டில் துணியில் பூ வேலை செய்கிறார். அதுவும் சரிதான்.

வீட்டில் தொடங்கும் முறை

நாணல் பேனா தேட வேண்டாம். இரண்டு பென்சில்களைச் சேர்த்து ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்கள். இரண்டு முனைகளும் ஒருசேரத் தாளில் படும்படி சாய்த்துப் பிடித்து எழுதினால், அகலமான பேனா எப்படி ஓடும் என்பது இரட்டைக் கோடாகத் தெரியும். இது பழகிய பின், ஐஸ்கிரீம் குச்சியின் முனையைச் சாய்வாக வெட்டி மையில் தோய்த்து எழுதலாம். மை மூடியில் சிறிது பஞ்சையோ பட்டு நூலையோ போட்டு, அதன் மேல் பேனாவைத் தொட்டெடுத்தால் மை அதிகம் ஏறிச் சொட்டாது. காலண்டர் தாளின் பின்பக்கம் வழவழப்பாக இருப்பதால் பேனா தடையின்றி ஓடும்.

முதல் வாரம் புள்ளி மட்டும். ஒரே சாய்வில் விழும்வரை வரிசையாக வையுங்கள். இரண்டாம் வாரம் ஏழு புள்ளிகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, அந்த உயரத்துக்கு ஓர் அலிஃப். மூன்றாம் வாரம் 'ப'. நான்காம் வாரம் உங்கள் பெயரின் முதல் எழுத்து. நாளுக்கு இருபது நிமிடம் போதும். ஒவ்வொரு தாளிலும் தேதி போடுங்கள். முதல் தாளைப் பத்திரமாக வையுங்கள்.

மூன்று விஷயங்களில் கவனம் தேவை. ஒன்று, தொடக்கத்தில் குர்ஆன் வசனங்களை எழுதிப் பழக வேண்டாம். அதன் எழுத்துமுறையில் பிழை வரக் கூடாது; பயிற்சித் தாள் காலில் மிதிபடவும் கூடாது. தனி எழுத்துகளையும் பெயர்களையும் எழுதுங்கள். அல்லாஹ்வின் திருநாமம் வரும் பெயர்களை எழுதிய தாள்களைத் தனியே சேர்த்து வைத்து டிரஸ்டில் கொடுத்தால், மரியாதையுடன் அடக்கம் செய்ய ஏற்பாடு செய்கிறோம். இரண்டு, எழுதியதை உடனே படம் எடுத்துக் குழுவில் போடாதீர்கள். பாராட்டு வந்தால் அதற்காகவே எழுதத் தோன்றும். வராவிட்டால் நிறுத்தத் தோன்றும். மூன்று, பிள்ளையின் தாளையும் அண்டை வீட்டுப் பிள்ளையின் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். முடிந்தால் நீங்களும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். வாப்பாவின் அலிஃப் தன் அலிஃபை விடக் கோணல் என்று பார்த்துச் சிரிக்கும் பிள்ளை, பேனாவைப் பரணில் போடாது.

குடும்பத்தில் பேசிப் பார்க்க

சிறுவயதில் எதைச் செய்யும்போது உங்களுக்கு நேரம் போவதே தெரியாமல் இருந்தது? அதை எப்போது விட்டீர்கள்? யாராவது சொன்ன ஒரு வார்த்தையால் விட்டீர்களா? அப்படி ஒரு வார்த்தையை நீங்கள் யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா? உங்கள் வீட்டில் யாருக்கு அந்தி நேரம் கனமாக இருக்கிறது, அவரோடு உட்கார்ந்து கையால் எதைச் செய்யலாம்?

கடைசியாக ஒன்று. பேனாவைப் பரணில் போட்ட அந்தப் பெண் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். வகுப்பு தொடங்கியதும் சொல்லி அனுப்பினோம், அவள் வரவில்லை. அவளுடைய உம்மாதான் வருகிறார். மகளின் பழைய பேனாக்களைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து எடுத்து வந்திருந்தார். சென்ற வாரம், மகள் விடுமுறைக்கு வந்தபோது சாப்பாட்டு மேசையில் கிடந்த தாளைப் பார்த்துவிட்டு, "உம்மா, நூன் இவ்வளவு ஆழமா வராது" என்று சொல்லித் திருத்தினாளாம். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. நாங்கள் காத்திருக்கிறோம்.

அந்த மகளிடமும், அன்று மேடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய மற்றப் பிள்ளைகளிடமும் டிரஸ்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். மாடியறை ஞாயிறுதோறும் திறந்திருக்கும். தாளும் மையும் இருக்கும். நன்றாக எழுதத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

நம் கைகளுக்கு நல்ல வேலையையும் நம் உள்ளங்களுக்கு அமைதியையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.